கரும்புக்கொல்லையில் கிடைத்த இரண்டு முகங்கள்

மாப்பிள்ளை வீட்டுக் கரும்புக்கொல்லையில், செத்துப்போன அவருடைய மனைவியின் முகம் வெள்ளிக்காசாகக் கிடைத்திருக்கிறது என்று தரகர் வந்து சொன்னபோது, என் அக்காவுக்கு நிச்சயதாம்பூலம் மாற்றி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

எங்களுக்கு வில்லியனூர்க் கடைத்தெருவில் மளிகை. மாப்பிள்ளை வீடு பாகூர்ப் பக்கம். ஏரிப் பாசனத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் கரும்பும் நெல்லும் அவர்களுடையது. அப்படிப்பட்ட இடம் ஒரு கடைக்காரர் வீட்டைத் தேடி வந்ததற்குக் காரணம் இருந்தது. அக்காவுக்குச் செவ்வாய் தோஷம். வந்த ஜாதகங்களெல்லாம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அவருக்கோ முதல் தாரம் காய்ச்சலில் போய்விட்டது, பிள்ளை இல்லை. ஒரு குறைக்கு இன்னொரு குறை நேராகிவிடும் என்று ஜோசியர் சொன்னார். அப்பா தலையசைத்துவிட்டார்.

தரகர் கடைப்பலகையில் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு வெல்லக்கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கரும்புக்குப் பார் பிடிக்கறப்ப மண்வெட்டி பட்டு ஒரு சின்ன கலயம் ஒடஞ்சுதாங்க. உள்ள காசு. அதுல பொம்பள மூஞ்சி. மூக்கு, கொண்டை எல்லாம் அச்சு அசலா அந்தப் பொண்ணுதானாம். மூத்தவளே கல்யாணத்துக்கு உத்தரவு குடுத்துட்டான்னு மாப்ளையோட அம்மா ஊரு பூரா சொல்லிட்டாங்க. காசுல வளையம் பத்தவெச்சு நம்ம பொண்ணு கழுத்துல போடணுமாம்."

எங்கள் பக்கத்தில், பூவும் பொட்டுமாகச் செத்த பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதலில் அவளுக்குப் புதுப்புடவையும் பூவும் வைத்துப் படைக்க வேண்டும். அவள் மனம் கோணக்கூடாது. புடவை வைப்பதுதான் வழக்கம். முகமே மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அப்பா கடுகு நிறுத்துக்கொண்டிருந்தவர், தராசைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா என்னைப் புழக்கடைக்குக் கூப்பிட்டாள்.

"டேய், புதுச்சேரிக்குப் போயிப் போயி இன்னாடா படிச்ச நீ?"

"லத்தீன், கணக்கு, சரித்திரம்..."

"செத்த பாஷை படிச்சவனே, செத்தவ மூஞ்சிய என் கழுத்துல மாட்டப் போறாங்கடா. நீதான் எந்நேரமும் ரோமாபுரிக் காசு, ரோமாபுரிக் காசுன்னு உசிர எடுப்பியே. போயி அதப் பாரு. அது எவளோ வெள்ளைக்காரி, உங்க மருமவ இல்லன்னு அவங்க வாயால ஒத்துக்க வெச்சுட்டு வா. அது ஒன்னு போதும். மத்தத நான் பொறுத்துக்குவேன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கை மட்டும் தாவணி முனையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

எனக்கு அப்போது உள்ளுக்குள் என்ன ஓடியது என்பதையும் எழுதிவிடுகிறேன். சந்தோஷம். கொலேழில், அதாவது புதுச்சேரிப் பிரெஞ்சுப் பள்ளியில், எங்கள் லத்தீன் ஆசிரியரிடம் காசுகளின் படம் போட்ட தடிப்புத்தகம் ஒன்று இருந்தது. அதை வாங்கி வாங்கிப் பார்த்து எனக்குப் பைத்தியம் முற்றியிருந்தது. ஆற்றங்கரையில் பாசிமணி பொறுக்குவேன், உடைந்த பானை ஓடு பொறுக்குவேன். ரோமாபுரிக் கப்பல் நம் கரைக்கு வந்தது என்று அகப்பட்டவர்களை எல்லாம் பிடித்து வைத்துச் சொல்வேன். ஆனால் ஒரு காசைக்கூட நான் கையில் தொட்டதில்லை. படையல் அன்றைக்கு எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அப்பாவோடு வண்டியில் ஏறினேன். விடிந்ததும் கிளம்பியும் கரிக்கலாம்பாக்கம் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. நான் அப்பாவிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளை வாசலுக்கே வந்து என்னைத் தோளில் தட்டினார். நல்ல உயரம், சிரித்த முகம்.

"வா மச்சான். லத்தீன் பூசாரி வரான்னு அம்மா காத்துக்கினு இருக்காங்க. காசு பேசுமா, இல்ல நீ பேசுவியா?"

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கால் கழுவத் தண்ணீர் கேட்டேன். கொல்லைப்புறத்தில் நல்ல கருங்கல் கட்டுக் கிணறு ஒன்று இருந்தது. அதன் வாயில் பனம்பலகைகளை அடுக்கி, மேலே கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். முள் இன்னும் பச்சை மாறவில்லை; மூடி அதிக நாள் ஆகியிருக்காது. வேலைக்காரப் பெண் ஒருத்தி, அந்தக் கிணற்றைத் தாண்டி நெடுந்தூரம் நடந்து போய், கரும்புக்கொல்லைக் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்து வந்தாள்.

"ஏன், இதுல தண்ணி இல்லியா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க" என்றாள். என் காலில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

கூடத்தில் படையல் தயாராக இருந்தது. மஞ்சள் நனைத்த புடவையைக் கொசுவி ஒரு பலகையில் நிறுத்தி, அதன் மேல் செம்பு, செம்பின் மேல் பூ. அதன் எதிரே வாழையிலையில் குங்குமத்தின் நடுவில் இரண்டு காசுகள் இருந்தன. நாலணாக் காசு அளவுதான், கொஞ்சம் தடிப்பு. அவற்றைத் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். பார்த்ததும் எனக்கு அழுகை வராத குறை. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேலான கறுப்பை ஒரே காலையில் தேய்த்து எடுத்துவிட்டார்கள்.

"இவ்வளவுதானா அத்தை?" என்று மாப்பிள்ளையின் அம்மாவைக் கேட்டேன்.

"இன்னும் ஒரு கை இருந்துது தம்பி. எல்லாம் ஆம்பள மூஞ்சி. ஆம்பள மூஞ்சிய வெச்சு நான் இன்னா பண்றது? ஆசாரிகிட்ட குடுத்து உருக்கிக் குங்குமச்சிமிழு பண்ணச் சொல்லிட்டேன்."

இலையின் ஓரத்தில் அந்தச் சிமிழும் இருந்தது. எத்தனை அரசர்கள் அதற்குள் கரைந்தார்களோ, யார் கண்டது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அப்பாகூடச் சிரித்தார். அன்று அந்த வீட்டில் நாங்கள் சிரித்தது அவ்வளவுதான்.

முதல் காசை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். இந்த மாதிரிக் காசை நேர் வெளிச்சத்தில் படிக்க முடியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் தேய்ந்த எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். பின்னலை உச்சிக்குத் தூக்கி, நடுத்தலையில் சுருட்டி வைத்த கொண்டை. நேரான மூக்கு. தலையைச் சுற்றி எழுத்து. ராஜாவின் மனைவிக்குத் தரும் பட்டம் 'அகுஸ்தா', அது தெரிந்தது. பேரரசி! அதற்கு முன்னால் இன்னொரு சொல். கண்ணாடியை நெருக்கினேன். 'தீவா.'

அந்தச் சொல்லைக் கண்டதும் ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் பெயரை இங்கே எழுதவில்லை; இதில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை, அவளுக்கு மட்டும் எதற்கு? அவள் பெயரும் அவள் மகள் பெயரும் ஒன்றே. மகளும் பேரரசியானாள். காசில் பெயர் மட்டும் இருந்தால் தாயா மகளா என்று திண்டாட வேண்டும். கொண்டையைப் பார்க்க வேண்டும், அப்புறம் இந்தச் சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆசிரியர் சொல்லிக்கொடுத்த வழி இது. நான் அதை அப்படியே, மூச்சு விடாமல், கூடத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

"இது ரோமாபுரி ராணி அத்தை. நம்ம ஊரு ஆளே இல்ல. இந்த எழுத்தப் பாருங்க, செத்ததுக்கப்புறம் தெய்வமானவன்னு அர்த்தம். சின்ன வயசுல இல்ல, ராணியா இருக்கறப்பவே செத்துட்டாங்க. புருஷன் ரொம்ப ஏங்கிப்போயி, அவங்களத் தெய்வமாக்கிக் கோயில் கட்டி, இந்தக் காசும் போட்டாரு..."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். அத்தையின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"கேட்டீங்களா சம்மந்தி?" என்று அப்பாவைப் பார்த்தார். "புருஷன் இருக்கப் போயிச் சேந்தவ. தெய்வமானவ. நான் ஒரு எழுத்து படிச்சவளா? இதத்தானே நானும் சொன்னேன்? திருப்பிப் பாரு தம்பி, அந்தப் பக்கம் இன்னா இருக்குது?"

திருப்பினேன். மயில். தோகையை மடக்கிக்கொண்டு ஒய்யாரமாக நின்றது. இறந்த ராணியின் உயிரை வானத்துக்குத் தூக்கிப் போகும் பறவை என்று ரோமாபுரியில் நம்பிக்கை.

"மயிலம் பொண்ணு அவ" என்றார் அத்தை. "முருகன் சந்நிதியிலதான் தாலி கட்டுனது. காசுல மயிலு வந்திருக்குது. இன்னும் உங்களுக்கு இன்னா ருசு வேணும்?"

நான் சரியாகத்தான் படித்தேன். ஒவ்வொரு எழுத்தும் சரி. அக்காவை விடுவிக்க எடுத்துப்போன சாவி, பூட்டை இன்னொரு தரம் இறுக்கிவிட்டது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில், போதும், வாயை மூடு என்று இருந்தது. எனக்குத் தோற்றுப்போகப் பிடிக்காது. இலையிலிருந்து இரண்டாவது காசை எடுத்தேன்.

இதில் 'தீவா' இல்லை. வெறும் 'அகுஸ்தா' மட்டும். அப்படியானால் இவள் உயிரோடு இருக்கும்போது அடித்த காசு. கன்னம் இன்னும் திரட்சியாக, இளசாக இருந்தது. கொண்டை உச்சியில் இல்லை, அலை அலையாகப் பின்னால் இறங்கிப் பிடரியில் முடிந்திருந்தது. மகள்! திருப்பினால், ஓர் ஆசனம், அதன் மேல் இரண்டு கைக்குழந்தைகள்.

அடடா, இதோ கிடைத்துவிட்டது என்று துள்ளினேன்.

"அத்தை, இங்க பாருங்க. ரெண்டு காசும் ஒரே ஆளு இல்ல. அவங்களுக்குக் கொண்டை உச்சியில. இவங்களுக்குப் பிடரியில. மூக்கு வேற, வயசு வேற. ரெண்டு பொம்பளைங்க. உங்க வூட்ல செத்துப்போனது ஒருத்தர்தானே? அப்ப இது உங்க மருமவளா எப்படி இருக்கும்?"

வெளியே மாட்டின் கழுத்துமணி கேட்டது. என் கணக்கு புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் மறுபடி ஆரம்பிக்கப் போனேன். அத்தையின் முகத்தில் மலர்ச்சி இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மடை தெறந்து கெடக்குது. பாத்துட்டு வரேன்" என்று சொல்லி வெளியே போனார். மத்தியான வெயிலில், விருந்தாளிகளை உட்கார வைத்துவிட்டு.

அப்போதுதான் சுவரோரமாக ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அக்காள், கண்ணில் புரை விழுந்த வயதானவர். அதுவரை அவர் அங்கே இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

"குடு தம்பி, பாக்கறேன்."

காசை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரலால் தடவினார். நெற்றி, மூக்கு, அப்புறம் பின்னால் இறங்கும் கூந்தல். விரல் பிடரியில் வந்து நின்றது.

"சின்னவ" என்றார். "பின்கொண்டைதான் போடுவா. நான்தான் பூ வெச்சு வுடுவேன். அவளும் வந்துட்டாளா?" காசைத் திருப்பினார். "இது இன்னாது, இந்தப் பக்கம்?"

"கொழந்தைங்க" என்றேன்.

"கொழந்தையுமா வந்துட்டுது? வயித்துல இருந்தத..."

"ச்சீ, வாய மூடு!" அத்தை பாய்ந்து வந்து காசைப் பிடுங்கினார். "அதுக்கு மூளை கலங்கிப்போச்சு சம்மந்தி. கண்டதையும் உளறும்."

அப்பா மெல்லக் கேட்டார்: "எந்தச் சின்னவ?"

அத்தை என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்களை நான் மறக்கவில்லை. கோபம் இல்லை அதில். பயம் இருந்தது.

"தம்பி, உனக்கு யாரு சொன்னது?"

"காசுல இருக்குது அத்தை" என்றேன். அது உண்மை.

நாங்கள் சாப்பிடாமல் கிளம்பினோம். வண்டிக்காரர் எங்கள் ஊர்க்காரர். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய இடத்தில் அவர் கொஞ்சம் பேச்சுக் கொடுத்திருந்தார். மூத்தவள் போன மறுவருஷமே எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் ஊரில் ஒரு பெண்ணைக் கட்டினார்களாம். கல்யாணம் அங்கேயே நடந்ததால் நம் பக்கத்தில் பேச்சில்லை. வந்து பொங்கல் ஒன்று கண்டாள், அவ்வளவுதான் என்றார்கள். எப்படிச் செத்தாள் என்று கேட்டதற்கு ஆள்கள் மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். அந்த ஊரில் மாப்பிள்ளை வீட்டு நிலத்தில் உழாத ஆள் கிடையாது.

"தரகன் சொல்லல" என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போய், "தாம்பூலம் மாத்தியாச்சு" என்றார். வில்லியனூர்க் கோபுரம் தெரியும்வரை இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். முள் போட்ட கிணற்றைச் சொன்னபோது மட்டும், "பச்சை முள்ளா?" என்று ஒரு தரம் கேட்டாள். அப்புறம் அப்பாவிடம் போய் நின்றாள்.

"நீங்க குடுத்த வாக்க நான் ஒடைக்க மாட்டேம்பா. ஒன்னே ஒன்னு கேட்டு அனுப்புங்க. அந்தச் சின்னவ எப்படிச் செத்தா? நேரா பதில் சொல்லட்டும். காய்ச்சல்னா காய்ச்சல், பாம்புன்னா பாம்பு. சொல்லிட்டா நான் கழுத்த நீட்டுறேன்."

தரகர் அந்தக் கேள்வியோடு போனார். கொஞ்ச நாள் ஆள் தலைகாட்டவில்லை. வந்தபோது பதில் கொண்டுவரவில்லை. மஞ்சள் துணியில் முடிந்த ஒரு முடிச்சைக் கொண்டுவந்தார்.

"பேசி வளக்க வேணாம்னு சொன்னாங்க. பொண்ணு இப்பத்திலேருந்தே போட்டுக்கட்டுமாம்."

அவிழ்த்தால் இரண்டு காசும். ஆசாரி தன் வேலையை முடித்திருந்தான். ராணிகளின் தலைக்கு மேலே ஆளுக்கொரு வெள்ளி வளையம் பற்றவைத்து, சிவப்புக் கயிறு கோத்திருந்தது. பற்றவைத்த சூட்டில் 'தீவா' பாதி உருகிப் போயிருந்தது. தாயும் மகளும் ஒரே கயிற்றில் ஒட்டிக்கொண்டு தொங்கினார்கள்.

தரகர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். நான் காசைப் பார்த்தேன். கண்ணைக் கட்டிவிட்டால்கூட விரலால் அடையாளம் சொல்வேன் என்ற அளவுக்கு அவை எனக்குப் பழகிவிட்டிருந்தன. எங்கள் வீட்டில், என் கைக்கெட்டும் தூரத்தில். அக்கா 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவை இந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். அந்த நினைப்பு எனக்கு வந்தது. வந்ததை அக்காவும் பார்த்துவிட்டாள்.

"டேய்" என்றாள். "இன்னாவோ பேப்பர் வெச்சுத் தேய்ப்பியே, பென்சிலால. தேய்ச்சுக்கோ. சீக்கிரம்."

சிகரெட் தாளைக் காசின் மேல் வைத்து, பென்சிலின் பக்கவாட்டால் மெதுவாகத் தேய்த்தேன். முதலில் மூக்கு வந்தது, அப்புறம் கொண்டை. ஒருத்தி, அப்புறம் இன்னொருத்தி. அக்கா குனிந்து பார்த்தாள். இரண்டாவது முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என் வயசுதான் இருக்கும் போல" என்றாள்.

தேய்த்து முடித்ததும் கயிற்றை மஞ்சள் துணியில் பழையபடி முடிந்து, அவர்கள் வைத்த தாம்பூலத் தட்டு, புடவை எல்லாவற்றோடும் சேர்த்துத் தரகர் கையில் கொடுத்தாள். அப்பா தடுக்கவில்லை. தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லலன்னு சொல்லிடுங்க" என்றாள் அக்கா.

எங்களுக்கு வசை வந்தது. வாக்கு மாறிய வீடு என்றார்கள். செவ்வாய் தோஷக்காரிக்கு இவ்வளவு திமிரா என்றார்கள். கடைக்கு வருகிற பாகூர்ப் பக்கத்து ஆள்கள் வேறு கடைக்குப் போனார்கள். அக்கா இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். கடையில் உட்கார்ந்து அப்பாவைவிட வேகமாக நிறுத்துப் போடுகிறாள். அவளிடம் எவனும் வெல்லக்கட்டியில் கை வைக்க முடியாது.

இந்த வருஷம் எங்கள் ஊர்த் தேர் அன்று, பிரெஞ்சுக் கவர்னர் துரை வடத்தைத் தொட்டுக்கொடுத்துத் தேர் நகர்ந்ததும், கூட்டம் என்னை ஒரு பந்தலின் ஓரமாகத் தள்ளியது. எதிரே புதுப்புடவையில் ஒரு பெண் நின்றிருந்தாள். தாலியில் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. அதற்குக் கீழே, சிவப்புக் கயிற்றில், இரண்டு வெள்ளிக்காசுகள். தேரைப் பார்க்காமல் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது. அவள் பார்த்துவிட்டாள். கூச்சப்படாமல் சிரித்து, காசை விரலில் தூக்கிக் காட்டினாள்.

"எங்க வூட்டுச் சாமி" என்றாள். பேச்சில் மதகடிப்பட்டுக்கு அப்பால், இங்கிலீஷ்காரன் பக்கத்திலிருந்து வந்தவள் என்று தெரிந்தது. "எங்க மாமியாருதான் போட்டு வுட்டாங்க."

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து மாமியார் முன்னால் வந்தார். அதே அத்தை. என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு நேரமாகவில்லை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது.

"தம்பி, நல்லா இருக்கியா? உன்னத் தேடி ஆள் அனுப்பணும்னு இருந்தேன். கொல்லையில அதே எடத்துல இன்னொரு காசு கெடைச்சிருக்குது. ஒரு நட வந்து யாருன்னு பாத்துச் சொல்லிட்டுப் போயேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், வாங்களேன் என்பது போல. அவள் கொண்டை எங்கே இருக்கிறது என்று பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். கொண்டை போடவில்லை. நீளமாகப் பின்னல் போட்டு, நுனியில் தாழம்பூ வைத்திருந்தாள்.

காசில் இருப்பது ஆண் முகமா, பெண் முகமா என்று நான் அத்தையிடம் கேட்கவில்லை. ஆண் முகமாக இருந்தால் அது இந்நேரம் ஆசாரியிடம் போயிருக்கும்.